புது பிளேன் எடுத்தாச்சாண்ணே?

போர் விமானத்தில் விமானி உட்காரும் சீட்டைப் பராமரிப்பது என் தொழில். நான் ஒழுங்காக வேலை பார்த்தேனா இல்லையா என்பது விமானம் கீழே விழுந்தால்தான் தெரியும். இனி காப்பாற்ற முடியாது என்கிற கட்டத்தில் விமானி ஒரு கைப்பிடியை இழுப்பார். மேல்மூடி பிய்த்துக்கொண்டு போகும், சீட்டுக்கு அடியில் இருக்கும் மருந்து வெடித்து அவரைச் சீட்டோடு வெளியே தூக்கி எறியும், பாராசூட் விரியும். ஒரே ஒரு தடவை வேலை செய்தால் போதும், ஆனால் அந்த ஒரு தடவை தப்பக் கூடாது.

நான் விமானப்படையில் சேர்ந்த அன்றே, இந்த ரக விமானம் பழசாகிவிட்டது, மாற்றப் போகிறார்கள், புதுசு வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். நான் ரிட்டையராகிச் சொந்த ஊரான போடிக்கே வந்துவிட்டேன். பழசு இன்னும் பறக்கிறது. அதை இப்போது ஓட்டுவது என் மகள் கயல்விழி. ஆகவே, பழசுக்கு ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டு, புதுசு எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, உங்கள் ஸ்கூட்டர், மோட்டார், கிரைண்டர் கதைகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காட்ட வந்தவர்

எங்களுக்கு வேண்டியது எல்லா வேலையும் பார்க்கிற விமானம். வானத்தில் சண்டை போட வேண்டும், தரையில் குண்டு போட வேண்டும், வேவு பார்க்க வேண்டும், பாலைவனத்தில் சூடாகக் கூடாது, பனிமலையில் இறுகக் கூடாது, விலையும் கட்டுப்படியாக வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது கவர்மெண்டு வேலையும் வேண்டும், தோட்டமும் வேண்டும், நாத்தனாரும் இருக்கக் கூடாது என்போமே, அந்த மாதிரி. நான் படையில் இருந்தபோதே பல நாட்டுக் கம்பெனிகள் ஆளுக்கொரு விமானத்தோடு வந்தன. சோதித்துப் பார்க்கும் குழுவில் சீட்டைப் பார்க்க என்னையும் போட்டார்கள்.

ஒரு கம்பெனியின் இன்ஜினியர் நல்ல மனுசன். நான் ஒரு போல்ட்டைக் கேட்டால் முழுச் சீட்டையும் கழற்றிக் காட்டுவார். டீ குடிக்கும்போது, இந்த வேலைக்கு இங்கே வருவது முதல் தடவையா என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்:

"போன தடவை உங்களிடம் விமானம் காட்ட வந்தவர் என் மேலதிகாரி. அவர் ரிட்டையராகிவிட்டார். அவர் காட்டிய விமானமும் எங்கள் நாட்டில் ரிட்டையராகிவிட்டது."

பச்சை போகும் நேரம்

ரிட்டையரான பிறகு போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கிடங்குப் பொறுப்பில் சேர்ந்தேன். முதலாளி என்னைவிடச் சின்னவர். ஏலத்துக்கு என்னையும் கூட்டிப்போவார். சாம்பிள் காயைத் தட்டில் கொட்டுவார்கள். முதலாளி ஒரு பார்வை பார்ப்பார், நாலு காயை நசுக்குவார், ஒன்றை உடைத்து விதையை வாயில் போடுவார், அவ்வளவுதான், விலை சொல்லியாயிற்று. நான் அந்த நேரத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடித்திருக்க மாட்டேன்.

தினமும் காலையில் கிடங்கைத் திறந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "புது பிளேன் எடுத்தாச்சாண்ணே?" என்பதுதான். பேப்பரில் வந்திருப்பதைச் சொல்வேன். குழு கூடியது, குழு கலைந்தது, விலையில் சந்தேகம், வேறு குழு. ஒருநாள் எனக்கே சொல்லச் சலித்துப்போய், இவ்வளவு பெரிய விசயத்தை நிதானமாகத்தானே எடுக்க வேண்டும் முதலாளி என்று மழுப்பினேன். அவர் ஜன்னலோரம் கிடந்த ஒரு தட்டுக் காயைக் காட்டினார். வெளிச்சத்தில் வெளிறிப் போயிருந்தது.

"நிதானமாப் பாக்கணும்னுதாண்ணே இத எடுத்து வச்சேன். பாத்துக்கிட்டே இருந்ததுல பச்சை போயிருச்சு. இனி இத எவன் எடுப்பான்?"

முட்டுக் கல்

மச்சினன் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணி. அங்கே போயிருந்தபோது காயெடுப்பு நடந்துகொண்டிருந்தது. மலைக்கு மேல் ஒரு போர் விமானம் இரைந்துகொண்டு போனது. பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து, ஒங்க மகளாண்ணே போறது என்றார்கள். இல்லை, அவள் இருப்பது வடக்கே என்றேன். அதனாலென்ன என்று ஒருத்தி கையை ஆட்டினாள். எங்கள் பக்கத்து மலையில் எந்த விமானம் போனாலும் அது என் மகள்தான்.

மூக்கம்மா என்று ஒருத்தி, தினமும் அடிவாரத்திலிருந்து பழைய ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி வருகிறவள். மகள் ஓட்டுவது புதுசா பழசா என்று கேட்டாள். பழசுதான் என்றேன். எவ்வளவு பழசு? எனக்கு வேலை கிடைத்தபோதே பழசு என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"எங்க ஜீப்பு ஏத்தத்துல நின்னா வெரசா எறங்கி டயருக்குக் கல்ல வச்சு முட்டுக் குடுத்துருவோம். அங்க மேல நின்னா என்னத்தண்ணே முட்டுக் குடுக்குறது?"

நான் அந்த முட்டுக் கல்லைப் பராமரித்த ஆள்.

ராசிங்காபுரத்து வரன்

கயலுக்கு ராசிங்காபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெங்களூரில் வேலை. குடும்பம் நல்ல குடும்பம், தென்னையும் வாழையுமாக நிலம். பெண் விமானி என்றதும் பையனின் அப்பாவுக்கு ஒரே பெருமை. ஊரில் பிளக்ஸ் வைப்பேன் என்றார். பஜ்ஜியும் கேசரியும் நன்றாகவே உள்ளே போயின.

கிளம்பும்போதுதான் பையன் ஒரு சேதி சொன்னான். போனமாதம் இதே ரக விமானம் ஒன்று எங்கோ விழுந்ததாகப் போனில் படித்தானாம். அவன் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். புதுசு சீக்கிரம் வந்துவிடும் என்று நானும் வாய்கூசாமல் சொன்னேன். என் வாழ்நாள் முழுக்க எனக்குச் சொன்னதைத்தானே நான் அவர்களுக்குச் சொல்கிறேன். பையனின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பு, தப்பா எடுத்துக்கிறாதீக. புது பிளேனு வந்ததும் ஒரு வார்த்த சொல்லி விடுங்க, மறுநாளே தட்டு மாத்திக்கிருவோம்."

அந்தப் பையனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது.

ஆஸ்பத்திரி வராந்தா

போன வருசம் ஒரு மத்தியானம், கிடங்கில் மூட்டைக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் கயலின் அதிகாரி. தரையிறங்க வரும்போது இன்ஜின் நின்றுவிட்டது, ஊரைத் தாண்டிக் காலி வயலுக்கு மேலே கொண்டுபோய்க் கைப்பிடியை இழுத்திருக்கிறாள், உயிருக்கு ஆபத்தில்லை, முதுகில் அடி என்றார். எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை.

நானும் என் மனைவி பாண்டியம்மாளும் வடக்கே போய்ச் சேர்ந்தபோது மகள் அசையாமல் படுக்க வைக்கப்பட்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, இழுத்த உடனே சீட் கிளம்பிற்றா என்பது. பாண்டியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மகள், உடனே கிளம்புச்சுப்பா என்றாள். அப்புறம்தான் நான் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

எதிரே டிவியில் செய்தி ஓடியது. புது விமானத் தேர்வை ரத்து செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்களாம். மகளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் முதுகு வலித்தது, கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் வந்து, எலும்பு கூடிவிடும், சில மாதத்தில் மறுபடி பறக்கலாம் என்று நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னார். வராந்தாவில் வைத்துப் பாண்டியம்மாள் கேட்டாள், மறுபடியும் எதில் ஏற்றுவார்கள் என்று. அதே ரகம்தான், வேறு எது இருக்கிறது என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். இந்தப் படையில் சேர்த்துவிட்டதே நீங்கள்தான் என்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"புதுசு வரட்டும், வராமப் போகட்டும், அதப் பேசாதீக. அந்தச் சீட்டப் பாக்குற பையங்க யாருன்னு மட்டும் எனக்குக் காட்டுங்க. எம்புள்ளைய அவுக கையிலதான் ஒப்படச்சுட்டுப் போகணும்."

ஆக, எதை வாங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு நம் நாட்டில் வேண்டிய மட்டும் நேரம் இருக்கிறது, நேரம் இல்லாதது பழசுக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான்.