அக்கா நாடி பார்த்த நாள்

அக்கா உயர்தரப் பரீட்சையில் தேறிய மறுநாளே மாமா பேனர் அடித்துவிட்டார். அம்மாவின் தம்பியான அவர் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அதனால் மாமாவுக்கு உலகம் தெரியும் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பின் நம்பிக்கை. மாமாவின் நம்பிக்கையும் அதுதான். உயிரியல் படித்துத் தேறினால் டாக்டர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘எங்கள் தோட்டத்தின் முதல் டாக்டருக்கு வாழ்த்துகள்’ என்று சிவப்பு எழுத்தில் அடித்து, கலஹா பஸ்ஸில் சுருட்டிக் கொண்டுவந்தார். “கேம்பஸ் கடிதம் வரட்டும் மாமா” என்று அக்கா கெஞ்சினாள். காது கொடுத்தால்தானே? பேனர் கோயிலடியில் ஏறிவிட்டது.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. திருகோணமலையில் சித்த மருத்துவம் என்றிருந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? “டாக்டரம்மா வேரு புடுங்கப் போறாங்களாம்” என்று பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பேனர் படத்தில் இருந்த அக்காவும் பாவம் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். “இது கொழும்புல கம்ப்யூட்டர் செஞ்ச பிழை. நான் போய் மாத்திட்டு வர்றேன். மாத்த முடியலன்னா இந்தப் படிப்பே வேணாம். தோட்டத்து ஸ்கூல்ல டீச்சர் வேலைக்குப் போடுவோம்.” அப்பா தலையாட்டினார். மாமா சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு இல்லை. பதிவு செய்ய இன்னும் ஐந்தே நாள்தான் இருந்தது. அக்கா சுவரோடு சுவராக நின்றாள்.

கம்ப்யூட்டர் மீது அபாண்டமாகப் பழி போடுவதும் எனக்குப் பொறுக்கவில்லை. “அது பிழை செய்யல மாமா. அக்காதான் ஃபாரத்துல இத மொதலாவதா எழுதுனா. நான்தான் நம்பர் வாசிச்சேன்” என்று போட்டு உடைத்துவிட்டேன்.

உண்மைதான். எல்லாரும் கொழுந்தெடுக்கப் போயிருந்த ஒரு நாளில் அக்கா விண்ணப்பத்தை நிரப்பினாள். கையேட்டில் இருந்த பாட நம்பர்களை நான் வாசித்தேன். சித்த மருத்துவத்தின் நம்பரை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொல்லி, முதலில் பென்சிலால் எழுதி, அப்புறம் அதன் மேல் பேனாவால் எழுதினாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று மாரியம்மன் மேல் சத்தியமும் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியத்தை மீறியதற்குக் கண் அவிந்துபோகும் என்று இப்போது நான் இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துக்கொண்டேன்.

“பேராதெனிய கேம்பஸ் பக்கத்துல இருக்கு. பஸ்ல போய் வந்து வேற ஏதாவது படிச்சிருக்கலாம். இத நீயா கேட்டு வாங்குனியா?” என்றார் மாமா.

“ஆமா மாமா, நானாத்தான் கேட்டேன்.” அக்காவின் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. “அம்மா எத்தன வருசமா டிஸ்பென்சரி ஜன்னல்ல நின்னு தோள்பட்ட நோகுதுன்னு சொல்றாங்க. ஒரு நாளாவது யாராவது தொட்டுப் பார்த்தாங்களா? ரெண்டு வெள்ள மாத்திர, அடுத்த ஆள் வான்னுருவாங்க. நான் ஒக்கார வச்சு, கையப் புடிச்சுப் பார்த்துக் கேக்கணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பு.”

அம்மா தம்பிக்கு எதிரே வாய் திறக்காதவள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அக்காவுக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்து, வலது கையை நீட்டினாள்.

“பொம்பளைங்களுக்கு இடது கைம்மா” என்றாள் அக்கா. எங்கேயோ வாசித்திருக்கிறாள்.

மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, அக்காவின் கையில் விழுந்தது.

“அவ போகட்டும்” என்றாள் அம்மா, மாமாவைப் பார்த்து.

மாமா செருமினார். கூரையைப் பார்த்தார். அப்புறம் கடிகாரத்தை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, தன் வலது கையை நீட்டி, “எனக்கும் இந்த வாயுத் தொல்ல ஒண்ணு இருக்கு” என்றார். அப்பாதான் முதலில் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அக்காவை வழியனுப்ப லயமே கலஹா டவுனுக்கு வந்தது. பெட்டியைத் தூக்கியவர் மாமா. பேனரில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. “டாக்டர்னா டாக்டர்தான்” என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சண்டை போட்டார். இன்றைக்கு அதே கலஹாவில் அக்காவின் வைத்தியசாலை இருக்கிறது. அங்கே மருந்து நீட்டும் ஜன்னல் கிடையாது. அவளுக்கு எதிரே ஒரு கதிரை உண்டு, காலையிலிருந்து அது காலியாக இருப்பதில்லை.

ஆனால் அன்று பஸ் வருமுன் அக்காவின் காதில் கேட்டேன். “அம்மாவுக்கு என்ன நோய்னு கண்டுபிடிச்ச?”

“ஒண்ணுமே தெரியலடி. இனித்தானே படிக்கணும்” என்று கிசுகிசுத்துவிட்டு ஏறிவிட்டாள்.

எல்லாரும் கை காட்டினார்கள். நான் காட்டவில்லை. ஒன்றும் தெரியாமலே அவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்து எல்லாரையும் ஏமாற்றிவிட்டாளே, அம்மா அதை நம்பி அழுதும் விட்டாளே என்று எனக்கு அவள் மேல் மகா கோபம்.