ஹேர்பேண்டில் ஒரு சிவப்பு விளக்கு

இன்று மதியம், ஆர்.கே.பேட்டையில் ஒரு தறி வீட்டில்...

சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று போனேன். சாம்பாரும் முட்டைப் பொரியலும் அருமை! ஆனால் மனசு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. (உடம்பு மட்டும் டவுன் பஸ் பிடித்துத் திருத்தணி வந்து சேர்ந்துவிட்டது.)

புதிதாகப் படிப்பவர்களுக்கு: சனி, ஞாயிறுகளில் திருத்தணியில் ஒரு மாடி ரூமில் பிள்ளைகளுக்கு ரோபோட்டிக்ஸ், கோடிங் சொல்லிக் கொடுக்கிறேன். மோட்டார், ஒயர், சென்சார் எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடுவேன். அவர்களே செய்வார்கள், அவர்களே கெடுப்பார்கள், அவர்களே சரி செய்வார்கள். (நடுவில் கத்துவது மட்டும்தான் என் வேலை.)

அதில் ஒருத்தி மோனிஷா. ஆறாம் வகுப்பு.

பக்கத்தில் இருப்பவளிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டால் கீழே டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அப்படி ஒரு குரல்! வீட்டிலேயே பவர்லூம் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி வந்த குரல் அது.

போன மாதம் கிளாஸ் நடுவே கரண்ட் போனது. எல்லோரும் "ச்சே!" என்றார்கள்.

மோனிஷா மட்டும் கை தட்டினாள்!

"உனக்கு இன்னாடி சந்தோஷம்?"

"கரண்ட் போனா ஜாலி மிஸ்! எங்க வூட்ல தறி நின்னுடும். அம்மா வந்து என்கூட குந்தினு துன்னும்!"

"மத்த நாள்ல?"

"தட்டக் கையில வெச்சுகினு, தறிகிட்ட நின்னுகினே துன்னும். இழை அறுந்தா பாக்கணும் இல்ல? வுட்டா துணியில கோடு வுழுந்துடும், மொதலாளி கத்துவாரு. நான் பேசுனா பதில் சொல்லும் மிஸ். ஆனா மூஞ்சி தறி பக்கந்தான் இருக்கும்."

அவள் நைனா (அப்பாதான்) கம்பெனி வேனில் விடியும் முன்னே போனால் இரவுதான் வருவாராம். அதனால் சாப்பிடும்போது இவர்கள் இரண்டு பேர்தான்.

அடுத்த வாரம் எல்லோரிடமும் சொன்னேன். உங்கள் வீட்டுக்கு எது தேவையோ அதைச் செய்யுங்கள் என்று.

ஒருவன் செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் மெஷின் செய்தான். ஒருத்தி, தம்பி பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் அலறும் அலாரம் செய்தாள். (அந்தத் தம்பிக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.)

மோனிஷா ஒரு கொத்து ஹேர்பின் கொண்டு வந்தாள்!

தறியில் ஓரத்து இழைகள்தான் அடிக்கடி அறுந்துபோகுமாம். அந்த இழைகளில் ஹேர்பின்களைத் தொங்கவிட வேண்டும். கீழே அலுமினியத் தாளில் இரண்டு பட்டைகள். இழை அறுந்தால் ஹேர்பின் விழும், இரண்டு பட்டைகளையும் சேர்த்துத் தொடும், பஸ்ஸர் கத்தும். அவ்வளவுதான்!

கிளாஸில், தறிக்குப் பதிலாக நூல் கட்டிய ஒரு மரச்சட்டத்தை ஆட்டிப் பார்த்தோம். ஹேர்பின் லேசாக உரசினாலே பஸ்ஸர் கத்தியது. 'தொட்டதும் நம்பாதே, தொட்டபடியே கிடந்தால் மட்டும் கத்து' என்று அவளே புரோகிராமில் சேர்த்தாள். கிளாஸே கை தட்டியது.

வீட்டில் மாட்டினாள். ஃபெயில்!

தறிச் சத்தத்தில் பஸ்ஸர் யார் காதிலும் விழவில்லை. (இன்ஜினியரிங் படித்தவள் நான். ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.)

பஸ்ஸரை எடுத்துவிட்டுச் சிவப்பு எல்.இ.டி. விளக்கு வைத்தோம். நீள ஒயர் இழுத்து, பக்கத்து அறையில் சாப்பிடும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினாள். அதற்குத்தான் இன்றைய விருந்து.

அவள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"குந்துங்க மேடம். கரண்ட் இருக்கசொல்ல நான் குந்தினு துன்றது இதான் மொத தபா!"

மோனிஷா அம்மாவை ஒட்டி உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். ஸ்கூலில் நடந்தது, பஸ்ஸில் நடந்தது, எல்லாம்.

"ஆங்... ஆங்..." என்றார் அம்மா. கண் மட்டும் சுவரிலிருந்த விளக்கை விட்டு நகரவே இல்லை.

மோனிஷாவின் பேச்சு நின்றுபோனது.

தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். சுவரிலிருந்து விளக்கைப் பிடுங்கினாள்.

"ஏய், இன்னா பண்ற?" என்றார் அம்மா.

விளக்கைத் தன் ஹேர்பேண்டில், நெற்றிக்கு நேர் மேலே சொருகிக்கொண்டாள். ஒயரை இழுத்துக்கொண்டே வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்போ பாரு."

அம்மா பார்த்தார். (பார்த்துத்தானே ஆக வேண்டும்!) முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"புருவத்துல இன்னாடி காயம்?"

"அது எப்பவோ வுழுந்ததும்மா. ஆறியே போச்சு."

அம்மா அந்தத் தழும்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். அதற்குள் விளக்கு எரிந்தது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுத் தறிக்கு ஓடினார். அவர் திரும்பி வரும்வரை மோனிஷா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தார்.

கிளம்பும்போது வாசலில் பெருமையாகச் சொன்னேன்: "அடுத்த வாரம் ஒரு ரிலே சேர்த்துடலாம்டி! இழை அறுந்தா தறியே தானா நின்னுடும். விளக்கே வேணாம். அம்மா எதையும் பாத்துகினு இருக்க வேணாம், நிம்மதியா சாப்பிடலாம்."

மோனிஷா நெற்றி விளக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்டேன்.

"வேணா மிஸ். வெளக்கு இல்லன்னா அம்மா என்னிய எதுக்குப் பாக்கும்?"

ரிலே என் பையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை அதை வெளியே எடுக்கவா, வேண்டாமா?

பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்களேன்.