எல்லா மொட்டைக்கும் ஒரே மயில்

பழைய போட்டோ எதைக் கையில் கொடுத்தாலும் நான் அதில் இருக்கும் ஆட்களைப் பார்க்க மாட்டேன். அவர்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்றுதான் பார்ப்பேன். தெருப் படம் என்றால் கடைப் பலகை, மின்கம்பம், கம்பத்தில் எத்தனை கம்பி ஓடுகிறது என்பது. கல்யாணப் படம் என்றால் மண்டபத்துச் சுவர். எங்கள் கல்யாண ஆல்பத்தை என் வீட்டுக்காரர் ஒருமுறை ஆசையாக எடுத்து வந்து காட்டினார். "இந்தப் பந்தக்காலுக்குப் பின்னாடி தெரியுறது பழைய தாலுகா ஆபீஸ் மதில்தானே?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் எந்த ஆல்பத்தையும் நீட்டுவதில்லை.

இந்தக் கிறுக்குக்கு என்றே திருத்தணியில் எங்களுக்கு ஒரு போன் குரூப் இருக்கிறது. யாராவது பரணிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்துத் தூசு தட்டிப் போடுவார்கள். எந்தத் தெரு, எந்த மூலை, எந்தக் காலம் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. ஆனாலும் முதலில் சரியாகச் சொன்னவருக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியாது.

எங்கள் ஊர்ப் படங்களில் தனியாக ஒரு தொல்லை உண்டு. பாதிப் படங்கள் வேண்டுதல் முடித்துவிட்டு வந்தவர்கள் எடுத்துக்கொண்டவை. அப்பா மொட்டை, அம்மா மொட்டை, பிள்ளைகள் மொட்டை, எல்லார் தலையிலும் சந்தனம். ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே மொட்டையை இரண்டு குடும்பங்கள் எங்கள் தாத்தா, எங்கள் தாத்தா என்று சண்டை போட்டு, கடைசியில் இரண்டு குடும்பமும் குரூப்பை விட்டே போய்விட்டன. நான் இடத்தை மட்டும் நம்புகிறேன் என்றால் காரணம் இதுதான். மலை மொட்டை அடித்துக்கொள்வதில்லை.

குரூப்பில் எனக்குச் சரியான போட்டி என் பாவா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று அரக்கோணத்தில் இருக்கிறார். பச்சைக் கொடி காட்டிப் பழகிய கை. தாம் சொல்லிவிட்டால் எல்லாரும் கிளம்பிவிட வேண்டும் என்று நினைப்பார். படம் வந்த அடுத்த நிமிஷம் தீர்ப்பு வந்துவிடும். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நானும் கேட்டதில்லை, அக்காவும் கேட்டதில்லை. தப்பு என்று கையோடு பிடித்துக் காட்டினால், "நான் சொன்னது அதுக்கு முந்தின காலம் பாப்பா" என்று பத்து வருஷம் பின்னால் போய் நின்றுகொள்வார். அங்கே போய் அவரை யார் பிடிப்பது?

ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு ஒரு படம் வந்தது. பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு வைத்திருக்கும் ஒருவர் போட்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். படத்தில் மொட்டையடித்த இளம்பெண் ஒருத்தி, அவள் இடுப்பில் மொட்டையடித்த கைக்குழந்தை. பின்னால் குளம், குளத்திலிருந்து மேலேறும் படிகள், ஒரு மண்டபம், உச்சியில் கோயில். படியோரத்தில் ஒரு மயில். கீழே அவர் எழுதியிருந்தார்: "இது எங்கம்மா. இடுப்புல இருக்கிறது நான். எனக்கு ரெண்டு வயசு ஆகறதுக்குள்ள போயிட்டாங்க. அவங்க படம் இது ஒன்னுதான். எந்த இடம்னு யாராவது சொன்னா ஒரு வாட்டி போய் அங்க நிக்கணும்."

நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. அந்த வரிகளின் மேல் என் கண் ஓடியது, நிற்கவில்லை. மயிலின் மேல்தான் நின்றது.

பாவா வழக்கம்போல முந்திக்கொண்டார். "சரவணப் பொய்கையில இருந்து ஏறுற பழைய படிக்கட்டு. நடு மண்டபத்துக்குக் கொஞ்சம் கீழ. ரோடு போடறதுக்கு முந்தி எடுத்தது. அப்பல்லாம் மயிலு படியிலயே வந்து நிக்கும். நாங்க பொரி போடுவோம்." பொரி போட்டாராம்! மனிதர் பிறந்து வளர்ந்தது காட்பாடியில். அக்காவைக் கட்டுவதற்கு முன் அவர் திருத்தணியை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்.

எனக்கு அந்த மயில் உறுத்திக்கொண்டே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மண்டபத் தூணில் பாதி உயரம் இருந்தது. அவ்வளவு பெரிய மயில் என்றால் முருகனே ஏறி வந்து இறங்கியிருக்கலாம். பிறகு நிழலைப் பார்த்தேன். மண்டபத்து நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது, அந்த அம்மாவின் மூக்கு நிழல் வலப்பக்கம். காலடியில் படியும் இல்லை, மண்ணும் இல்லை. பூப்போட்ட சிமெண்ட் கல் பதித்த தரை. குளத்தங்கரையில் பூக்கல் பதித்த புண்ணியவான் யார்? கடைசியாகப் படத்தின் ஓரத்தில் பார்த்தேன். குளத்துத் தண்ணீர் லேசாக மடிந்து சுருங்கியிருந்தது. தண்ணீர் மடியாது, துணிதான் மடியும். அது ஸ்டூடியோவில் தொங்கவிடும் படுதா.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் பாவாவை வெறுமனே தோற்கடிப்பதில் எனக்கு விருப்பமில்லை, எழுந்திருக்க முடியாதபடி தோற்கடிக்க வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து குரூப்பில் இதற்கு முன் வந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்டினேன். இரண்டு கிடைத்தன. ஒன்றில் பெரிய மீசையோடு ஒரு மொட்டை. இன்னொன்றில் சின்னதும் பெரிதுமாக ஏழு மொட்டைகள் வரிசையாக நின்றன, கடைசிப் பிள்ளை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. இரண்டிலும் அதே மயில், அதே காலைத் தூக்கிக்கொண்டு, அதே படியில் நின்றது.

இதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பாவா அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்து, அந்தக் கரும்புக்காரரைப் பழைய படிக்கட்டுக்கு அழைத்துப்போய், "இதான் எடம்" என்று காட்டியிருக்கிறார். அவர் அங்கே கைகூப்பி நிற்கும் படம் குரூப்பில் வந்தது. கண் கலங்கியிருந்தது. "சாருக்கு ரொம்ப நன்றி. அம்மா நின்ன எடத்துல நின்னுட்டேன்" என்று எழுதியிருந்தார். குரூப் முழுக்க பாவாவுக்குக் கும்பிடும் பூங்கொத்துமாக வந்து குவிந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

மூன்று படத்தையும் சேர்த்து, மூன்று மயிலையும் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினேன். "ஒரே மயில், மூணு குடும்பம். இது ஸ்டூடியோ படுதா. பாவா பொரி போட்டது துணிக்கு. அப்படி ஒரு எடமே கிடையாது" என்று எழுதினேன். குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பாவா ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை வருஷத்துக் கனவு! சாயங்காலம் சேமியா பாயசம் வைத்தேன்.

டம்ளரில் ஊற்றும்போது போன் அடித்தது. கரும்புக்காரர்தான்.

"யம்மா, நீங்க போட்டதப் பாத்தேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன், அதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அவருக்குக் கோபமே இல்லை. "அப்ப எங்கம்மா எங்கதாம்மா நின்னாங்க?" என்று கேட்டார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். அவரே பேசினார். "பொறந்து ஒரே காய்ச்சலாம் எனக்கு. பொழைக்கணும்னு எனக்காக வேண்டிகினு எடுத்த மொட்டம்மா அது. அவங்க முடி எப்படி இருக்கும்னு கூட எனக்குத் தெரியாது. அந்த எடமாவது இருக்குதேன்னு நெனச்சிகினு இருந்தேன்."

வெட்கமாக இருந்தது. ஒரு மனிதரின் தாயை நான் பாவாவின் மண்டையில் அடிக்கும் கல்லாக எடுத்து வீசியிருக்கிறேன். "அந்த ஸ்டூடியோ எங்க இருந்துச்சுன்னு நான் கண்டுபுடிச்சுச் சொல்றேண்ணா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று புரிந்தது. பாயசத்தை வீட்டுக்காரர் குடித்தார்.

ஐந்து நாள் அலைந்தேன். மலையடிவாரத்தில் மொட்டைக்குச் சந்தனம் விற்பவர்களிலிருந்து பஜாரில் படத்துக்குக் கண்ணாடி போடும் கடை வரைக்கும் விசாரித்தேன். ஒருவர் ஸ்டூடியோ ஸ்டேஷன் பக்கம் இருந்தது என்றார், ஒருவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றார், ஒருவர் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று சத்தியம் செய்தார். பாவாவின் தம்பிமார்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் என் போனை எட்டிப் பார்த்தார். "இந்த மயிலா? இது என்னைப் பாத்து முழிச்சிகினே இருந்துச்சு. அதான் அழுதுட்டேன்" என்றார்.

"எப்ப?"

"மொட்ட அடிச்சப்பதான். இதோ, ஏழு பேர்ல கடசியில அழுதுகினு நிக்குதே, அது நான்தானே. எங்க பெரியப்பா வீட்ல இருந்து எவனோ போட்டிருக்கான்."

பார்த்தேன். அதே காது. முப்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற காது. அந்தக் காதிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி நான் மயிலுக்கு வட்டம் போட்டிருக்கிறேன்.

"எங்க எடுத்தது?" என்றேன்.

"பஜார்லதான். இப்ப பிளாஸ்டிக் சாமான் கடை இருக்குதே, அதே எடம்."

"அஞ்சு நாளா நான் தெருத்தெருவா அலையுறது தெரியலியா உங்களுக்கு?"

"ஆங், தெரிஞ்சுது. நீ எங்க என்னைக் கேட்ட?" என்று சொல்லி மோர் ஊற்றிக்கொண்டார். சண்டை போட நேரமில்லாததால் விட்டுவிட்டேன்.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். முன்பாதியில் பளபளவென்று புது டைல்ஸ். என் மனசு விழுந்துவிட்டது. ஆனால் பின்பாதியில் பழைய தரையை அப்படியே விட்டிருந்தார்கள். தேய்ந்துபோன பூக்கல். நான் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்த கடைக்கார அம்மா, "இன்னாங்க, வாஸ்து பாக்குறவங்களா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. இருவருமாகக் குடங்களையும் பக்கெட்டுகளையும் நகர்த்தினோம். படத்தில் அந்த அம்மாவின் இடது பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் மட்டும் பூ திரும்பிப் பதிந்திருந்தது, கொத்தனார் எந்த நினைப்பில் இருந்தாரோ. அந்தக் கல், துணி ஊறவைக்கும் பெரிய தொட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்கு அடியில் இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

கரும்புக்காரருக்குச் சொன்னேன். பாவாவுக்கும் சொன்னேன், சொல்ல வேண்டியது என் கடமை. இருவரும் வந்தார்கள். பாவா கடை வாசலில் நின்று தரையை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். "நான் காட்டினது அவங்க மலைக்கு ஏறின வழி பாப்பா. ஏறாம மொட்ட அடிச்சிருப்பாங்களா? போட்டோ எடுத்தது அப்புறம்" என்றார். மறுபடியும் முந்தின காலத்துக்குப் போய்விட்டார். இந்த முறை அங்கே அவர் நின்றது சரியான இடத்தில்தான்.

கரும்புக்காரர் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுந்து, போனில் படத்தைப் பார்த்துப் பார்த்து, இடது காலை அந்தத் திரும்பிய பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். வலது காலையும் வைத்தார். கடையில் துடைப்பம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒன்றும் புரியாமல் ஒதுங்கி நின்றார்கள். அவர் சத்தமில்லாமல் அழுதார். பாவா பக்கெட் விலையைப் படிப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

பிறகு கரும்புக்காரர் போனை என்னிடம் நீட்டி ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து கல்லாப்பெட்டியில் முட்டி நின்றேன். அவருக்குப் பின்னால் படுதா தொங்கிய சுவர். அதில் ஆணியடித்துச் சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் மக்குகள், அதற்கு மேல் முறங்கள், ஓரத்தில் ஒரு கட்டு துடைப்பம். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவர் உதட்டில் ஒரு குறும்புச் சிரிப்பு வந்தது.

"பின்னாடி மலை தெரியுதாம்மா?" என்றார்.

"தெரியுதுண்ணா. நல்லாத் தெரியுது" என்று சொல்லி எடுத்தேன்.