மாப்பிள்ளை கையில் மஞ்சள்

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற கம்பெனியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டும் பலவேசத்துக்கு உலகமே நாலு மையால் அச்சானது. மாம்பழத்தைப் பார்த்தால் சிவப்பு தூக்கல் என்பான். அம்மா வைத்த சாம்பாரில் மஞ்சள் பத்தவில்லை என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான். தங்கமான பிள்ளைதான், பார்வைதான் அப்படி.

மல்லாங்கிணறு அருணாதேவியோடு கல்யாணம் பேசியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கேரட் தின்றால் முகம் பளபளக்கும் என்று எவனோ போனில் சொல்லியிருந்தான். பலவேசம் பச்சைக் கேரட்டை முயல் தோற்க மென்று தள்ளினான். ஒரு பளபளப்பையும் காணோம்.

“பச்சையாத் தின்னா எப்படிலே ஒட்டும்?” என்று அம்மா பொன்னுத்தங்கம் கேரட்டைக் குழைய வேகவைத்து, கடலெண்ணெய் மிதக்க வதக்கிப் போட்டாள். எண்ணெய் புரோட்டாவோடு மூன்று வேளையும் அதுதான். சில வாரத்தில் உள்ளங்கை மஞ்சளாயிற்று. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தான், போகவில்லை. சீசன் நேரம், மஞ்சள் மை புது லோடு வந்திருந்தது. ‘அருமையான மை, பிடிச்சா விடமாட்டேங்குதே’ என்று பூரித்துப்போனவன் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

நிச்சயத்தன்று பெண்ணின் தாய்மாமன் செந்தூர்பாண்டி சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். நீண்ட கையைப் பார்த்ததும் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“என்ன மாப்ளே, காமாலையா?”

“மெஷின் மைங்க மாமா. தேய்ச்சா போயிரும்.”

அவர் ஈரத் துண்டால் தேய்த்தார். தோல் சிவந்ததே தவிர மஞ்சள் அசையவில்லை. “நோயை மறைச்சாப் பொண்ணு கேக்க வந்தீக?” என்று எழுந்துவிட்டார். கூட்டமும் எழுந்தது. பலவேசம் கையை வேட்டியில் துடைத்துப் பார்த்தான். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவள் கொலுசை மட்டும்தான் பார்த்திருந்தான். முகத்தைப் பார்க்குமுன் கல்யாணமே போய்விடும்போல் இருந்தது.

அப்போது அருணாதேவியே எழுந்து வந்தாள். விருதுநகரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள்.

“கேரட், பரங்கிக்காய்னு நிறையத் தின்னீகளா?”

அவன் அம்மாவைப் பார்த்தான். பொன்னுத்தங்கம்தான் போட்டு உடைத்தாள்: “உனக்காகத்தான் தாயி, முகம் மினுங்கணும்னு கிலோக் கணக்கில!”

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. அருணாதேவியும் சிரித்துக்கொண்டே மாமன் பக்கம் திரும்பினாள்.

“கேரட் நிறம் கொழுப்புலதான் கரையும் மாமா. பச்சையாத் தின்னா பெரும்பாலும் வெளியே போயிரும். வேகவச்சு எண்ணெயோட தின்னா, சிறுகுடல் அந்தக் கொழுப்போட நிறத்தையும் இழுத்து ரத்தத்துல சேர்த்திரும். மிஞ்சினது தோல்ல வந்து தங்கும். தீனியக் குறைச்சா தானா வெளுத்திரும்.”

“காமாலை இல்லைன்னு எப்படித்தா நம்புறது?”

“காமாலைன்னா கண்ணு மஞ்சளாகும். ரத்தமும் நாளைக்கே பாத்திருவோம்.” பலவேசத்தின் முன்னால் வந்து நின்றாள். “எங்க, என்னையப் பாருங்க.”

காது சிவக்க நிமிர்ந்தான். அவள் முகத்தில் எந்த மையும் தூக்கலாகவோ குறைவாகவோ இல்லை.

“கண்ணு வெள்ளைவெளேர்னு இருக்கு மாமா. சந்தனத்தக் குடுங்க” என்றாள் அருணாதேவி.

செந்தூர்பாண்டி கிண்ணத்தை நீட்டி, “எடுத்துக்கிடுங்க மாப்ளே” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை இன்னும் கண்ணைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்.