பாலைவனப் படத்தில் நான் உளவுக்காரியான கதை

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடிதமும் கடைச் சாமான் துண்டும்தான். மறதியும் கூடிவிட்டது. காலையில் மருந்துக் குளிசை போட்டேனா இல்லையா என்று பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் அறிகிறேன். முன்னுக்குப் பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் படம் எடுக்கிறவள். இப்படி எழுதவே இப்போதுதான் கை வருகிறது. முந்தி யாராவது கேட்டால், "ஏதோ கமராப் பக்கம் வேலை" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். மற்றத் தாய்மார் நேர்ஸ், இன்ஜினியர் என்று ஒரு சொல்லில் முடிப்பார்கள். எனக்கு அந்த ஒரு சொல் இருக்கவில்லை. ஒன்பது வருசமாக அவள் மற்றவர்களின் படங்களுக்கு வயர் சுருட்டினாள், விளக்குத் தூக்கினாள், கொட்டுகிற பனியில் றோட்டில் நின்று கார் மறித்தாள். பிறகு ஒருநாள் எங்கள் குசினி மேசையில் வந்திருந்து, தன்னுடைய சொந்தப் படத்தை எடுக்கப் போகிறேன் என்றாள்.

கதையையும் சொன்னாள். பழைய உலகப் போர்க் காலம். பாலைவனம். ஒரு படைக்குத் தண்ணீர் முடிந்துபோகிறது. மணலுக்குள் மறைந்திருக்கிற கிணறுகளைக் காட்டும் வரைபடம் ஒன்றை, ரொட்டி விற்கிற கிழவி ஒருத்தி எதிரியின் சென்றிக் காவலைக் கடந்து கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அவளை உளவுக்காரி என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள்.

இவர், மகளின் தகப்பன், தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "மொன்றியலில எங்கை பிள்ளை பாலைவனம் கிடக்கு?" என்று கேட்டார்.

கிடந்தது. லொங்குய்ய் தாண்டிக் காரில் இன்னும் அரை மணித்தியாலம் போனால், வீடு கட்டுகிறவர்களுக்காக மணல் அள்ளுகிற பெரிய கிடங்கு ஒன்று. இறங்கி நின்று நேரே பார்த்தால் மணலும் வானமும்தான் தெரியும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் லொறிகளும் மின்கம்பமும் தெரியும். "திருப்பாட்டிச் சரிதானே" என்றாள் மகள். கிடங்கின் சொந்தக்காரர் ஒரு சனி, ஞாயிறு விட்டுத் தந்தார். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வாசலைப் பூட்டுவார். திங்கள் விடிய லொறிகள் வந்துவிடும். பேந்து ஒருநாளும் கேட்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

கூடாரங்கள் எங்கள் வீட்டுப் பழைய யன்னல் சீலைகள். அவற்றைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு மங்க வைத்தது நான். ஒட்டகம் கிடைக்கவில்லை. ஒரு வியாபாரி கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவான், கயிற்றின் மற்ற நுனி படத்துக்குள் வராது. அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் இவர். மகளின் படத்தில் நடித்தீர்களாமே என்று கேட்பவர்களுக்கு, "ஓம், ஒட்டகமா நடிச்சனான்" என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.

ஒக்டோபர் முடிகிற நேரம். பாலைவனத்தில் நிற்கிற சிப்பாய்களின் வாயிலிருந்து புகை வந்தது. அதற்காகக் கமரா ஓட முதல் எல்லாரும் ஐஸ் கட்டியை வாயில் போட்டு வாயைக் குளிராக்கிக்கொண்டார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு ஐஸ் சூப்புகிற சனத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். நான் காருக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்து எல்லாருக்கும் சமைத்தேன். கிழவியின் கூடைக்குத் தேவையான கோதுமைமா ரொட்டியும் நான் சுட்டதுதான். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை மகளுக்கு ஒரு ஃபோன் வந்தது. கிழவியாக நடிக்க இருந்தவ நாடகங்களில் பழகிய ஒரு மனிசி. வீட்டு வெளிப்படியில் உறைபனி வழுக்கி விழுந்துவிட்டாவாம். கணுக்கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் காத்துக்கொண்டிருக்கிறாவாம். மகள் ஃபோனைப் பொக்கற்றில் வைத்துவிட்டுச் சுற்றிவரப் பார்த்தாள். நின்றவர்கள் எல்லாரும் இளம் ஆட்கள். அவளுடைய பார்வை என்னிடம் வந்து நின்றதை நான் நிமிராமலே உணர்ந்தேன். பருப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, ஒரு சொல்லும் கதைக்கத் தேவையில்லை. வந்து, நிண்டு, பேந்து நடந்து போறது. அவ்வளவுதான்."

"எனக்கு ஏலாது பிள்ளை. ஆளை விடு."

இவருக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும். "கொம்மா எங்கட கலியாணப் படத்திலயே அரை முகம்தான் காட்டினவ. எனக்குப் பக்கத்தில நிக்கிறது ஆரெண்டு இப்பவும் சனம் கேக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. என்னைக் கெஞ்சவும் இல்லை. கையில் இருந்த கடதாசியை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இந்தக் காட்சி இல்லாட்டிப் படம் இல்லை, அம்மா" என்றாள்.

நான் கையைக் கழுவிவிட்டு எழும்பினேன்.

கறுப்பு அங்கி போட்டு, தலையில் துணி சுற்றி விட்டார்கள். குளிர்ச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். அதற்கு மேலேயே அங்கியைப் போட்டார்கள். உடம்பு ஊதி மொத்தக் கிழவியாகிவிட்டேன். ரொட்டி விற்கிறவள் கொஞ்சம் மொத்தமாக இருந்தால் பிழையில்லை என்று கமராக்காரப் பிள்ளை சொன்னாள்.

மகள் எழுதி வைத்திருந்தது இப்படி. துணியில் வரைந்த சின்ன வரைபடம் கிழவியின் செருப்பு அடித்தோலுக்குள் இருக்கும். சிப்பாய் அவளுடைய கூடையைக் கிளறுவான், துணியை உதறுவான், தலைத்துண்டைக் கழற்றச் சொல்லுவான். செருப்பை மட்டும் பார்க்கமாட்டான். கிழவி பயத்தில் நடுங்கி நடுங்கித் தப்பிப் போவாள்.

முதல் தரம் நான் கமராவையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் தரம் நிலத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். "பயத்தைக் காட்டுங்கோ அம்மா, கை நடுங்கட்டும்" என்றாள். மூன்றாம் தரம் நான் நடுங்கின நடுக்கத்தில் கூடை கவிழ்ந்து ரொட்டி எல்லாம் மணல். ஊதித் தட்டித் திரும்ப அடுக்கினோம். மணி இரண்டரை தாண்டிவிட்டது. வெயில் கிடங்கின் மேற்கு விளிம்பை நோக்கி இறங்கத் தொடங்கியது. மகள் அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தாள்.

எனக்கு ஒன்று மனதுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. சொல்லுவமா விடுவமா என்று யோசித்து, கடைசியில் சொன்னேன். "பிள்ளை, சென்றியில ஆரும் நடுங்கிறேல்லை. நடுங்கினா ஒரு பக்கமா நிக்கச் சொல்லிப்போடுவாங்கள். செருப்பு, அவங்கள் முதல் பாக்கிற சாமான்."

"அம்மா, இது படம்" என்றாள். குரலில் களைப்பு.

சிப்பாயாக நின்ற மீசைக்காரப் பொடியன் கியூபெக் ஆள், நல்ல உயரம். நான் என்ன சொன்னேன் என்று அவளிடம் பிரெஞ்சில் கேட்டான். அவள் சொன்னாள். அவன் மீசையைத் தடவிக்கொண்டு ஏதோ பதில் சொன்னான். மகளின் முகம் விழுந்துவிட்டது. என்னவாம் என்று கேட்டேன். செருப்பைப் பார்க்காமல் விடுகிற ஒவ்வொரு தரமும் தனக்கும் தான் ஒரு முட்டாள் மாதிரித் தெரியுதாம்.

அவள் ஒன்பது வருசம் தூக்கின விளக்குகள் எல்லாம் எனக்கு அந்த நேரம் கண்ணுக்குள் வந்தன. அப்போது நான் கதைத்தது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அவ்வளவு ஆட்களுக்கு முன்னால் நான் குரல் உயர்த்திக் கதைத்ததே இல்லை.

"அந்தத் துண்டை என்னட்டைத் தா. எங்கை வைக்கிறனெண்டு உனக்கும் சொல்லமாட்டன். அந்தப் பொடியன் உண்மையாவே தேடட்டும்."

"கண்டுபிடிச்சிட்டா?"

"கண்டுபிடிச்சா உன்ர செருப்புக் கதையே இருக்கட்டும்."

அவள் வரைபடத்தை என் கையில் வைத்துவிட்டு, அவனிடம் போய் உண்மையாகத் தேடச் சொன்னாள். நான் காருக்குப் பின்னால் போய் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். வெளிச்சம் இன்னும் ஒரு தரத்துக்குத்தான் காணும் என்று கமராக்காரப் பிள்ளை சொன்னாள்.

நான் கூடையோடு நடந்துவந்தேன். கையில் ஒரு ரொட்டி, கடித்துத் தின்றுகொண்டே வந்தேன். அவன் கையைக் காட்டி மறித்தான். அவன் வாய் திறக்க முதலே கூடையை இறக்கி வைத்தேன், செருப்பையும் கழற்றி விட்டேன். ஊரில் அப்படித்தான், கேட்க முதல் காட்டிவிடவேண்டும். அவன் செருப்பை எடுத்து வளைத்துப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். கூடையின் அடியைத் தடவினான். துணியை வெயிலுக்குப் பிடித்தான். முழு ரொட்டிகளை ஒவ்வொன்றாக முறித்தான். தலைத்துண்டைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினான், கழற்றினேன். பகிடிக்கு இல்லை, அவன் கெட்டித்தனமாகத்தான் தேடினான். எனக்கு உள்ளே நெஞ்சு அடித்தது, அது நடிப்பில்லை. வாய் மட்டும் மென்றுகொண்டே இருந்தது.

கடைசியில் அவன் பார்வை என் கையில் இருந்த ரொட்டிக்கு வந்தது. மூன்று கடி கடித்து, எச்சில் பட்டு, ஓரத்தில் தேங்காய்ச் சம்பல் பிதுங்கிக்கொண்டிருந்த ரொட்டி. நான் அதை அவனுக்கு நீட்டினேன். வேணுமோ என்று கேட்கிற மாதிரி. அவன் கை தானாகவே பின்னால் போனது. தலையை ஆட்டிவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

செருப்பைப் போட்டேன், கூடையைத் தூக்கினேன், நடந்தேன். அவசரப்படவில்லை. முழங்கால் நோ உள்ளவள் எப்படி நடப்பாளோ அப்படி நடந்தேன். நிற்பாட்டச் சொல்லுமட்டும் நடக்கவேண்டும் என்பது மகளின் கட்டளை. ஒருவரும் நிற்பாட்டச் சொல்லவில்லை. நான் லொறித் தடம் வரைக்கும் போய்விட்டேன். மகள் சொல்ல மறந்துபோய் நின்றாளாம்.

பிறகு அந்தப் பொடியன் ஓடி வந்து, எங்கே எங்கே என்று கேட்டான். நான் கடித்த ரொட்டியைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே சம்பல் பூசின வரைபடம். அவன் இரண்டு கையையும் தலையில் வைத்தான். நாலு மணிக்குள் மிச்சம் இருந்த வெளிச்சத்தில், நான் ரொட்டிக்குள் துணியை வைத்து மடித்துக் கடிக்கிறதையும் மகள் கிட்டத்தில் வைத்து எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வருகிற வழியில் கேட்டாள், "அம்மா, இது எங்கை பழகினனீங்கள்?"

அதுவரைக்கும் நான் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்லக்கூடிய கதை என்று நினைக்கவும் இல்லை. ஊரில் சண்டை நடந்த, பற்றரி கொண்டுபோகக் கூடாது என்று தடை இருந்த காலம். ஒரு றேடியோவைச் சுற்றி அயல் முழுக்க இருந்து செய்தி கேட்போம். நான் ஒரு றாத்தல் நிறையில் இரண்டு பாண் ரொட்டி வாங்கி, ஒன்றின் அடியைத் தோண்டிப் பற்றரியை வைத்து அடைத்துக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் மடியில் இருந்த பிள்ளை பசி தாங்காமல், நான் பார்க்கிறதுக்குள் அந்தப் பாணையே கடித்துவிட்டது. பிள்ளைக்கு நாலு வயது. நான் துடையில் நுள்ளிப்போட்டேன், பிள்ளை வீரிட்டு அழுதது. சென்றியில் சிப்பாய் முழுப் பாணை வாங்கி இரண்டாக முறித்தான். மற்றதைப் பார்த்தான். எச்சிலும் கண்ணீரும் மூக்குச்சளியும். முகத்தைச் சுளித்துக்கொண்டு போகச் சொன்னான். அதற்குப் பிறகு போன நேரமெல்லாம் நானே கடித்துக்கொண்டு போனேன்.

"அந்தப் பிள்ளை நானோ?"

"வேறை ஆர்? நுள்ளினதுக்கு நான் இன்னும் உன்னட்டை மன்னிப்புக் கேக்கேல்லை."

அவள் காரை ஓரமாக நிற்பாட்டிவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

படம் அடுத்த வருசம் ஒரு சின்ன மண்டபத்தில் காட்டப்பட்டது. எங்கட சனம் பாதி, பிரெஞ்சுச் சனம் பாதி. சிப்பாய் என் ரொட்டியைப் பார்க்கிற இடத்தில் மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மனிசி தன் கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தா. அவன் போ என்று கை காட்டியதும் முழு மண்டபமும் ஒன்றாக மூச்சு விட்டது. அந்தச் சத்தத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். என் மகள் எடுத்த படத்துக்கு வந்த சத்தம் அது.

முடிந்த பிறகு ஒருவர் எழும்பி, அந்தக் காட்சியை எழுதியது யார் என்று கேட்டார். மகள் முன்னுக்கு நின்று முதலில் பிரெஞ்சில் சொன்னாள். பிறகு எங்கட சனத்துக்காகத் தமிழில் சொன்னாள்.

"அது நான் எழுதினதில்லை. என்ர அம்மா செய்தது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் என் முழங்கையில் தட்டி எழும்பச் சொன்னார். எழும்பினேன். கன்னம் சுட்டது, ஆனாலும் உடனே கதிரையில் இருக்கவில்லை. அவர்கள் கைதட்டி முடியுமட்டும் நின்றேன்.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. படம் மகளிடம் இருக்கிறது. யாராவது ஒருக்கால் அதைப் போட்டுப் பார்த்து, அவன் முறித்தது மூன்று ரொட்டியா நாலா, செருப்பை முதலில் பார்த்தானா கூடையை முதலில் பார்த்தானா என்று சரி பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். பாண் கதைக்குச் சாட்சி நானும் அவளும்தான். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அதை மட்டும் எழுதினபடியே விடுங்கள்.