இடப்பக்கமாகச் சுற்றிய சித்தப்பா

சித்தப்பாவுக்கு நட்சத்திரப் பைத்தியம் பிடித்த வருஷம்தான் அப்பாவைப் பற்றிய தகவல் நின்றுபோனது. அப்பா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அங்கே குண்டு விழுந்ததாகத் தா.பழூர்க் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். கப்பலில் வருகிறார் என்றார்கள், காட்டுவழியாக நடந்து வருகிறார் என்றார்கள். சிலர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

திருச்சியில் காலேஜ் மூடிக்கிடந்ததால் சித்தப்பா வீட்டோடு இருந்தார். சொந்தமாக டெலஸ்கோப் செய்வது, அதற்கு வேண்டிய கண்ணாடியையும் தானே தேய்த்துவிடுவது என்று ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு இறங்கிவிட்டார். முன்பின் அனுபவம் கிடையாது. அது அவருக்கு எதிலும் ஒரு தடையாக இருந்ததில்லை. கொல்லையில் இடுப்பளவுக்கு ஒரு பனந்துண்டை நட்டார். அதன் தலையில் தட்டுப் போல ஒரு தடித்த கண்ணாடியைப் பதித்து, மேலே இன்னொன்றை வைத்து, நடுவில் சாணைப்பொடி தூவித் தள்ளித் தள்ளித் தேய்த்தார். எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத் தேய வேண்டுமென்றால் ஆளும் சுற்றிவர வேண்டுமாம். தண்ணீரும் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதற்காக, அடியில் ஊசித்துளை போட்ட சிறு கலயத்தைத் துண்டால் இடது தோளில் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டு, இடப்பக்கமாகச் சுற்றினார்.

முந்தைய மாதம்தான் பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டுபோனபோது, பெண்பிள்ளைகள் போகக் கூடாத இடத்துக்குப் போய்க் கருவேல மறைவில் நின்று பார்த்திருந்தேன். அவருடைய மகன் தோளில் ஓட்டைக் குடத்தோடு இப்படித்தான் இடமாகச் சுற்றினார். தண்ணீரும் இப்படித்தான் சொட்டியது. செத்தவருக்குச் செய்வதைச் சித்தப்பா யாருக்குச் செய்துகொண்டிருக்கிறார்? வாய்விட்டுக் கேட்டால் முதுகுத்தோல் உரிந்துவிடும்.

பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். “சித்தப்பா, வலப்பக்கமாச் சுத்துனா ஆவாதா?”

“எந்தப் பக்கம் சுத்துனா என்ன? நடுவுல பள்ளம் வுழுந்தாச் சரி. எட்டிப் போ, மண்ணு பட்டுடப் போவுது.”

அம்மாவிடம் போய், சித்தப்பா இடப்பக்கமாகச் சுற்றுவதைச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், “தம்பி கண்ணாடி தேய்க்குது. உனக்கென்ன அங்க வேல? போயிப் படி,” என்றாள். லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. சித்தப்பா சாப்பிடப் போகும் நேரம் பார்த்து நான் பனந்துண்டை வலமாகச் சுற்றத் தொடங்கினேன். அவர் சுற்றியதையெல்லாம் அவிழ்த்துவிடுவதாக எண்ணம். ஆனால் அந்த மனிதர் ஓயவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதும் அவர் அங்கே சுற்றிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சுற்றும் எங்கோ காட்டில் நடந்துவரும் அப்பாவின் தலையில்தான் விழுகிறது என்று தோன்றும். சோறு இறங்கவில்லை. தலை கிறுகிறுக்கச் சுற்றியும் அவரை எட்டிப்பிடிக்க முடியவில்லை.

ஒருநாள் சாணைப்பொடி வாங்கச் சித்தப்பா ஜெயங்கொண்டம் போனார். இதை விட்டால் வேறு நாள் கிடைக்காது. வயிற்றுவலி என்று வாத்தியாரிடம் பொய் சொல்லிவிட்டு, உச்சிவெயிலில் ஓட்டமாக ஓடிவந்து கொல்லைப் படலைத் திறந்தேன்.

அம்மா பனந்துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வலமாக. ஈரத்தலையோடு, செருப்பில்லாமல், உதடு எதையோ முணுமுணுக்க, சித்தப்பாவின் கால்கள் பதித்த தடத்திலேயே வேகவேகமாக நடந்தாள். கால் தடுக்கிற்று, பனந்துண்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தாள். முகம் முழுக்க வேர்வை. நான் வந்ததை அவள் பார்க்கவேயில்லை.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மாவே கையில் எடுத்துக்கொண்டுவிட்டாள், இனி என்ன கவலை? சத்தமில்லாமல் படலைச் சாத்திவிட்டுக் குளத்தங்கரைக்கு விளையாடப் போனேன். அன்றைக்கு ராத்திரி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து சுற்றுவதையும் விட்டுவிட்டேன்.

அப்பா மறுவருஷம் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். அது பிந்திய கதை. ஆனால் அந்தப் படலருகே நின்றபோது, அம்மாவே சுற்றுகிறாள் என்றால் சித்தப்பாவைத் தவிர அந்த வீட்டில் பயப்படாதவர் ஒருவர்கூட மிச்சமில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அம்மா பார்த்துக்கொள்வாள் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.