கால் குட்டையான நாற்காலி

கணினி வேலை முடித்த மகள், கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு தலைவலி என்று படுத்தாள். அந்த வாசனை என்னை எழுபதுகளின் ராயபுரத்துக்கு இழுத்துப் போனது.

அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். சர்ச்சில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைப்பதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் மாலையானால் பிடரியில் தொடங்கும் வலி நெற்றிவரை ஏறிவிடும். தைலம் பூசி, ஈரத்துணி கட்டிக்கொண்டு படுப்பாள். ஒருநாள், "இனிமே தைக்கல" என்று மிஷினை மூடினாள்.

துறைமுகத்தில் தச்சு வேலை பார்த்த என் அப்பா, நைனா, மறுநாள் காலை ரம்பத்தை எடுத்து அவள் நாற்காலியின் கால்களை அறுக்கத் தொடங்கினார்.

"யோவ், இன்னாய்யா பண்ற? எங்க வூட்டு சீருய்யா அது!"

"நாற்காலி ரொம்ப ஒசரம். அதான் கயுத்த மடிச்சிகினே தைக்கிற. இப்ப குந்திப் பாரு."

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். அதிகம் குனியாமலே ஊசி கண்ணுக்கு எட்டியது. சில வாரங்களில் தலைவலி அடங்கியது. வீட்டுக்கு வருபவர்கள் தெரியாமல் அதில் உட்கார்ந்து, பள்ளத்தில் விழுந்ததுபோல் திடுக்கிடுவார்கள். அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள்.

இதைக் கேட்ட மகள், "தாத்தா தைரியசாலிம்மா" என்றாள்.

"தைரியமா? முதல் காலை அறுக்கும்போது உன் பாட்டி வர்றாளான்னு அவர் எத்தனை தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார்னு எனக்குத்தானே தெரியும்" என்றேன்.